இந்த ஆடியில் பட்டறையில் ஓடும் பாட்டு

ஜூலை 17 (ஆடி 1)

தெரு முழுக்கத் தேங்காய் சுடும் புகை. சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஆடி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லம், எள், பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவோம். சாமிக்குப் படைத்த பிறகு உடைத்தால் உள்ளே எல்லாம் ஒன்றாக வெந்து, இளகிப் போயிருக்கும். அந்த வாசனையோடுதான் பட்டறைக்குப் போனேன்.

நான் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் ஆவணிக்கு வேண்டிய கொலுசு இப்போதுதான் தயாராக வேண்டும், அதனால் எங்களுக்கு ஓய்வு கிடையாது. காலை முதல் இரவு வரை ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இதுவரை யார் போன் கைக்கு வருகிறதோ அவர் பாட்டு. இந்த மாதம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாள் முறை. போடுகிறவர் பக்கத்தில் இருந்து, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். போட்டுவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை நான்தான் கேட்டேன். ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டை அனுப்பி வைத்தால் நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். அதே பாட்டை அவர் அருகில் உட்கார்ந்து, அவர் தலை எங்கே அசைகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டால், காது தானாக அந்த இடத்துக்குப் போகிறது.

முதல் நாள் என் முறை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரம் போட்டேன். நாமகிரிப்பேட்டை இப்போது நாமக்கல் மாவட்டம். அந்த மாவட்டமே 1997இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். ஆகவே 1924இல் பிறந்த அந்த மேதையை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நாகஸ்வரம் என்றாலே காதைப் பிளக்கும் என்று நினைப்பவர்கள் அவர் வாசிப்பைக் கேட்க வேண்டும். ஊதுவது அதே வாத்தியம்தான், ஆனால் ஒலியில் கூர்மை குத்தாது. மெதுவான இடங்களில் ஒரு ஆள் வாய்க்குள்ளேயே பாடுவது போலிருக்கும்.

எங்கள் மேஸ்திரி பற்றவைக்கும் தீயை அணைத்துவிட்டு, “கல்யாண வீட்டுல இதைக் கேக்க யாருக்கு நேரமிருக்குது தம்பி. இன்னைக்குத்தான் ஒழுங்கா கேக்குறேன்” என்றார்.

ஜூலை 18

நேற்றுப் போட்டதன் தொடர்ச்சியாக இரவு வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். 1956இல் மறைந்தவர். பழைய பதிவு, இரைச்சல் இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டால் இரைச்சல் காதிலிருந்து போய்விடும்.

என் அப்பா ஓமலூர் பக்கத்துக் கூத்து ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், பெட்டி வாசித்தவர். பெட்டி என்றால் ஆர்மோனியம். அது இன்னும் வீட்டில் இருக்கிறது. தோடியைப் புரிந்துகொள்ள அதை எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று கட்டையை ஷட்ஜமாக, அதாவது தொடக்க ‘ஸ’வாக வைத்து, கறுப்பைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் போனால் தோடியின் ஏழு ஸ்வரமும் வந்துவிடும். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிக நிஷாதம், எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தோடி வராது!

காரணம் காந்தாரம், மூன்றாவது ஸ்வரம். தோடியில் அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவுதான் தோடி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. நாகஸ்வரத்தில் அப்படி இல்லை. விரல் துளையைப் பாதி மூடலாம், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் பிடியை இறுக்கலாம், தளர்த்தலாம், மூச்சைக் கூட்டிக் குறைக்கலாம். அந்த வாத்தியத்தில் ஸ்வரம் என்பது ஒரு புள்ளியே இல்லை. காவிரிக் கரையில் விளையும் நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னச் சீவாளிக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, அந்தத் தடை முப்பது ஆண்டு நீடித்தது. நம் இசையின் கமகத்துக்கு, ஸ்வரத்தை அசைப்பதற்கு, அது ஒத்துவராது என்பதுதான் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று நேற்றிரவு என் விரலே சொன்னது. ஆனாலும் விடியும்வரை கூத்துக்காரர் குரலைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பெட்டிதான். அப்பா அதில் வாசித்த விருத்தங்களைக் கேட்டவன் நான். தடையை என்னால் ஏற்க முடியாது.

ஜூலை 20

மேஸ்திரியின் முறை. அவர் என்ன போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்: மாடர்ன் தியேட்டர்ஸ்.

ஏற்காடு ரோட்டில் போகிற யாரும் அந்த வளைவைப் பார்க்காமல் போக முடியாது. உள்ளே இருந்த ஸ்டுடியோ போய்விட்டது, வாசல் நிற்கிறது. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சென்னைக்குப் போகாமலே ஒரு சினிமா உலகம் இந்த மலையடிவாரத்தில் இயங்கியது. கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே சம்பளத்துக்கு எழுதினார்கள்.

மேஸ்திரி முதலில் போட்டது ‘மந்திரி குமாரி’, 1950. ஜி. ராமநாதன் இசை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’. பாட்டு தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் மேஸ்திரி சொன்ன இடத்தில் நான் இதுவரை காது வைத்ததில்லை. கதைப்படி, கணவன் மனைவியைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். கடைசியில் விழுபவன் அவன்தான். ஆனால் மெட்டில் கொலைக்கான அடையாளம் எங்கேயும் இல்லை. “குரல்ல எங்கேயாவது அவன் காட்டிக் குடுக்குறானான்னு பாரு தம்பி. காட்டிக் குடுக்க மாட்டான். அதுதான் பயம்” என்றார். லோகநாதன் குரல் குழைந்து குழைந்து அழைக்கிறது, ஜிக்கி ஒரு சிறுபிள்ளையின் நம்பிக்கையோடு பதில் சொல்கிறார். இன்றைக்கு இப்படி ஒரு காட்சி என்றால் பின்னணியில் வயலின்களை அலறவிட்டு நம்மை முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்கள். ஜி. ராமநாதன் கேட்பவனை நம்பினார்.

பிறகு அலிபாபாவில் ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடிய ‘மாசிலா உண்மைக் காதலே’. இசை எஸ். தட்சிணாமூர்த்தி. அதற்கப்புறம் 1961இன் ‘குமுதம்’. கே.வி. மகாதேவன் இசையில் சீர்காழி கோவிந்தராஜனும் பி. சுசீலாவும் பாடிய ‘கல்லிலே கலைவண்ணம் கண்டான்’. சீர்காழி மேலே போகும்போது பட்டறையில் சுத்தியல் சத்தமே நின்றுவிட்டது. எங்களிடம் வேலை பழகும் தம்பிக்கு இருபது வயதுதான். “இந்த ஆளு மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேக்கும் போல” என்றான். சரிதான். அந்தக் குரல் வெண்கலம்.

ஜூலை 22

சின்னதாக ஒன்று. தம்பியின் முறை, ஆனால் மேஸ்திரி அவனிடமிருந்து அரை மணி நேரம் கடன் வாங்கிக்கொண்டு இசையமைப்பாளர் வேதாவைப் போட்டார். 1965இன் ‘வல்லவனுக்கு வல்லவன்’, டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘ஓராயிரம் பார்வையிலே’. இதன் மெட்டு 1963இல் வந்த ஓர் இந்திப் படத்தில் இசையமைப்பாளர் ரவி போட்டு முகமது ரஃபி பாடியது. தம்பி போனில் அதையும் தேடி எடுத்தான். “அப்ப இது காப்பிதானே மாமா?” என்று கேட்டான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். மெட்டு ஒன்றுதான். ரஃபி கெஞ்சுகிறார், டி.எம்.எஸ். உறுதி சொல்கிறார். வேதாவுக்கு இரவல் மெட்டுக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் தமிழ் வார்த்தையின் கனத்துக்கு ஏற்ற குரலைத் தேர்ந்ததும், வாத்தியங்களை நகர்த்தி வைத்ததும் அவர் வேலை. மெட்டுகள் ஊர் ஊராய்ப் போவது புதிதும் இல்லை. சலில் சௌத்ரி 1961இல் ‘சாயா’ என்ற இந்திப் படத்துக்கு, மொட்சார்ட் 1788இல் எழுதிய 40ஆவது சிம்பொனியின் தொடக்கத்தை எடுத்துக் காதல் பாட்டாக்கினார். அதையும் போட்டுக் காட்டினேன். தம்பி சிம்பொனியை முழுதாகக் கேட்டான். எனக்கு மகிழ்ச்சி.

ஜூலை 26, ஏற்காடு

அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வந்தால் ஊரே தெரியவில்லை, அத்தனை மூடுபனி. சவுக்கு மரமும் பலா மரமும் நிழல்போல நிற்கின்றன. காப்பிச் செடியில் காய் இன்னும் பச்சைதான், பழுத்துப் பறிக்க நவம்பர் ஆகும். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை.

அக்கா பையன் கிடார் பழகுகிறான். “சித்தப்பான்னு கூப்பிடணுமா மாமான்னு கூப்பிடணுமா” என்று சின்ன வயதில் கேட்டுச் சண்டை போட்டவன், இப்போது என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறான். “மாமா, ஒண்ணும் பேசாம மூணு நிமிஷம் கேளுங்க” என்று சொல்லி ஒன்றைப் போட்டான். பிளைண்ட் வில்லி ஜான்சன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கறுப்பினத்தவர், சிறுவயதிலேயே கண் பார்வை போனவர். தெருமுனைகளில் கிடாரோடு பக்திப் பாட்டு பாடிப் பிழைத்தார். 1927 டிசம்பரில் டல்லஸில் பதிவான பாட்டு இது. ‘இருட்டியிருந்தது இரவு, குளிர்ந்திருந்தது தரை’ என்று தலைப்பு. பாட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. கிடார் கம்பியின்மேல் எதையோ வைத்து வழுக்கிக்கொண்டே போகிறார். கூடவே முனகுகிறார். கம்பி எங்கே போகிறதோ அங்கே குரல் போகிறது. குரல் நின்றால் கம்பி அதை முடித்து வைக்கிறது.

எங்கள் பக்கத்துப் பாட்டிகள் இழவு வீட்டில், வார்த்தை தீர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பார்களே, அந்த இழுப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பையன் விரலால் கிடாரின் குறுக்குக் கம்பிகளைத் தொட்டுக் காட்டினான். “இதுங்க இருக்குறதால ஸ்வரம் படிப்படியா வரும் மாமா. இவர் படியில கால் வைக்கவே இல்ல.” ஆர்மோனியத்தில் எனக்குக் கிடைக்காத அந்த நடுவெளியை, ராகம் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர், கம்பியில் வழுக்கியே கண்டுபிடித்துவிட்டார். தோடியின் காந்தாரத்தை நான் அவனுக்குப் பாடிக் காட்டினேன். அவன் கம்பியை இழுத்து இழுத்துப் பிடிக்கப் பார்த்தான். பக்கத்தில் வந்தது.

இந்தப் பதிவு இப்போது சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 1977இல் ஏவிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் ஒரு தங்கத் தகடு வைத்தார்களே, அதில் இது இருக்கிறது. மேற்கத்திய இசை மேதைகள் பாக், பீத்தோவன் இருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து ஒரே ஒரு குரல்: கோவாவில் பிறந்த கேசர்பாய் கேர்க்கர் பாடிய ‘ஜாத் கஹான் ஹோ’, பைரவி ராகம். தகடு ஏறிய அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.

அதையும் கேட்டோம். இந்துஸ்தானி பைரவியின் அடிப்படை ஸ்வரங்கள் என்னென்ன என்று பார்த்தால், என் பெட்டியின் அதே மூன்று கட்டை, அதே வெள்ளைக் கட்டைகள். தோடிக்கும் பைரவிக்கும் ஏணி, அதாவது ஸ்வர வரிசை, ஒன்றுதான். ஆனால் கேசர்பாய் காந்தாரத்தில் உறுதியாகக் கால் ஊன்றுகிறார், ராஜரத்தினம் பிள்ளை அதை ஊஞ்சலில் வைக்கிறார். தெரியாதவரிடம் இரண்டும் ஒரே ஸ்வரம் என்று சொன்னால் நம்பமாட்டார்.

போன் சார்ஜ் தீர்ந்துபோனது. மீதி நாளைக்கு.

ஜூலை 27, ஏற்காடு

காலையில் கரண்ட் வந்தது. அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், வயசுக்காலம் முழுக்க எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். அவருக்குப் பிடித்த பாட்டு என்ன என்று கேட்டேன். பழைய எம்.ஜி.ஆர். பாட்டு ஏதாவது சொல்வார் என்று பையன் பந்தயம் கட்டினான். அத்தை சொன்னது ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021இல் தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு.

எந்த இடம் பிடிக்கும் என்றும் கேட்டேன், நிபந்தனைப்படி. ஆட வைக்கும் இடம் எதையும் அவர் சொல்லவில்லை. ஒப்பாரி வருமே, அந்த இடம். “தோட்டம் செழிச்சும் தொண்ட நனையலேங்குறான் பாரு, அது எங்க கதை சாமி” என்றார். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் என்பதை நான் சொன்னபோது அத்தை ஆச்சரியப்படவே இல்லை. தோட்டத்துக்காரி வீட்டுப் பிள்ளை இல்லாமல் இப்படி எழுத முடியாது என்று முதல் தடவையே தெரிந்ததாம்.

மத்தியானம் மழை. பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய தொகுப்புகளைப் பாப்லோ கசால்ஸ் வாசித்த பதிவு. செல்லோ என்றால் வயலின் இனத்துப் பெரிய வாத்தியம். கசால்ஸ் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் இந்தத் தொகுப்புகளின் அச்சுப்பிரதியைக் கண்டெடுத்தார். 1936 முதல் 1939 வரை பதிவு செய்தார். ஐந்தாவது தொகுப்பில் சரபாந்து என்ற பகுதி ஒன்று வரும். துணைக்கு இன்னொரு வாத்தியமோ, இரண்டு கம்பி சேர்ந்த ஒலியோ கிடையாது, ஒற்றைக் கோடாக நடக்கிறது. அத்தை பாதியில் தூங்கிப்போனார். பையனும் நானும் இரண்டு முறை கேட்டோம்.

ஜூலை 30

என் முறை. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கப் போகிறார்கள் என்ற பயத்தோடுதான் உம் குல்தூமைப் போட்டேன். கெய்ரோவின் குரல். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் கச்சேரி வானொலியில் வரும்போது அரபு நாடுகள் முழுவதும் தெருக்கள் காலியாகும் என்பார்கள். 1975இல் அவர் இறந்தபோது கெய்ரோத் தெருக்களில் இறங்கிய கூட்டம் லட்சக்கணக்கில்.

நான் போட்டது ‘என்த உம்ரி’, 1964. இசையமைப்பாளர் அப்துல் வஹாப் அவருக்காக அமைத்த முதல் பாட்டு. ஒரே பாட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். குரல் வருவதற்கு முன்பே பல நிமிடம் வாத்தியங்கள் மட்டும். அதில் எலெக்ட்ரிக் கிடார் வேறு. அப்புறம் அவர் ஒரு வரி பாடுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதே வரியைத் திரும்பப் பாடுகிறார், ஆனால் அதே மாதிரி இல்லை. மறுபடியும். மறுபடியும்.

மேஸ்திரி கொஞ்ச நேரத்தில் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். “இந்தம்மா ஒரே வரியையே சுத்திச் சுத்தி வருது. ஆனா ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல இறங்குது பாரு. நம்ம பாகவதருங்க பண்ணுவாங்களே, அதுதானே?” நிரவல் என்ற பெயரை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. மொழி ஒரு சொல்லும் புரியாத பட்டறையில், கூட்டம் கத்துகிற அதே நொடியில் எங்கள் ஆட்களும் “ஆகா” என்றார்கள். சலங்கை கோக்கும் அக்கா அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இரவு பெட்டியை எடுத்துச் சரிபார்த்தேன். பாட்டின் அடித்தளம் அரபு இசையில் குர்த் என்று சொல்லும் மகாம். மகாம் என்றால் நம் ராகம் மாதிரி. ஏணி அதே ஏணி. மூன்று கட்டை, வெள்ளைக் கட்டைகள். திருவாவடுதுறை, கோவா, கெய்ரோ. உலகத்தில் ஏழு ஸ்வரத்தை அடுக்க எத்தனையோ வழி இருக்கும்போது, இந்தக் குறுகிய முதல் படிக்கு, ஷட்ஜத்தை ஒட்டி உட்காரும் அந்த ரிஷபத்துக்கு, இத்தனை ஊர்க்காரர்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொருவரும் அந்த ஸ்வரங்களுக்கு நடுவே நடக்கிற விதம்தான் வேறு. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பையனுக்குப் போன் செய்தேன். அவன் தூங்கியிருந்தான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 1

ஆடி வெள்ளி. சலங்கை கோக்கும் அக்கா காலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியைப் போடச் சொன்னார். ‘குறை ஒன்றும் இல்லை’. எழுதிய ராஜாஜி எங்கள் ஊரில் வக்கீலாக இருந்தவர், 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். மெட்டு கடையநல்லூர் வெங்கட்ராமன். சிவரஞ்சனியில் தொடங்கி, காபிக்குப் போய், சிந்துபைரவியில் முடியும். கடைசிப் பகுதியில் ராகம் மாறும்போது அக்கா கையை உயர்த்தி, “இந்த இடம்” என்றார். வேறு விளக்கம் இல்லை. ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் விரல் நின்ற இடம் சிந்துபைரவி நுழையும் இடம்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எல்லோரும் மேட்டூர் போய்விட்டார்கள். பேருந்தில் கே.பி. சுந்தராம்பாள் கேட்டுக்கொண்டு போனேன். கொடுமுடிக்காரர், காவிரிக் கரையில் பிறந்த குரல். இன்றைக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 7

கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊரே நிற்கிறது. குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை. சாமி வேடம் கட்டிய ஆட்கள் அலங்கரித்த வண்டிகளில் வர, முன்னால் பம்பையும் உறுமியும்.

இந்த மாதம் முழுக்க ஏணி, ஸ்வரம், காந்தாரம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பம்பைக்கு முன்னால் நின்றால் அதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இடுப்பில் கட்டிய இரட்டை முழவு, அடி வயிற்றில் வந்து இடிக்கிறது. தாளம் ஏற ஏறப் பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் சாமி வந்து ஆடினார். எந்த ராகமும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் உறுமியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் குச்சியால் அடிக்கிறார்கள், மறுபக்கத்துத் தோலின்மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் ஒலி கீழிருந்து மேலே வழுக்கிப் போகிறது. மிருகம் உறுமுவது போல, ஆள் அழுவது போல. டல்லஸில் அந்தக் கண் தெரியாத மனிதர் கம்பியில் செய்தது இதுதான். தம்பியிடம் சொன்னேன். அவன் உடனே காதில் போனை வைத்து வில்லி ஜான்சனைக் கேட்டுக்கொண்டே உறுமிக்காரரின் கையைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் தம்பி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். பா. ரஞ்சித் முன்னெடுத்து, தென்மா இசையமைப்பில் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். “சாவு வீட்டுல மட்டும் வாசிக்கணும்னு வெச்சிருந்த மேளத்தை மேடைக்குக் கொண்டுவந்தாங்க அண்ணா. எனக்கு அதுதான் பெருசு” என்றான். எனக்கும் அதுதான் பெரிது. கூத்தில் பெட்டி வாசித்ததற்காக என் அப்பாவைத் திண்ணைக்கு மேல் ஏற விடாத வீடுகளை எனக்குத் தெரியும். அடுத்த முறை அவன் முழு நாளும் அந்தக் குழுவின் பாட்டுகளைப் போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

பையன் ஏற்காட்டிலிருந்து அனுப்பியிருந்தான், கூடவே உட்கார முடியாததால் போனில் இணைப்பில் இருந்தான். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவான ஜாஸ் தொகுப்பு. அதில் கடைசிப் பகுதி, ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’. இதற்கு மெட்டு என்று எழுதி வைத்தது கிடையாது. ஐந்து ஏணிகள் மட்டும் கொடுத்திருக்கிறார். வாசிக்கிறவர் ஒரு ஏணியில் விரும்பிய நேரம் நின்று, தீர்ந்தது என்று தோன்றும்போது அடுத்ததற்குப் போகலாம். டேவிஸின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி இருவரின் சாக்ஸபோன், பில் எவன்ஸின் பியானோ, ஒருவர் பின் ஒருவராக, கடைசியில் மறுபடி டேவிஸ்.

“நாலாவது ஏணி வரும்போது சொல்றேன் மாமா” என்றான் பையன். வந்தது. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவின் சாயல். அதே குறுகிய ரிஷபம்! டிரம்பெட்டில், அடங்கிய குரலில். நான் பெட்டி இல்லாமலேயே அதைப் பிடித்துவிட்டேன். கோல்ட்ரேன் நம் இசையை ஆழமாகக் கேட்டவர். ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பால் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அந்த நாலாவது ஏணியில் அவர் மெதுவாக நகர்வதைக் கேட்டால், ஆலாபனைக்குப் பழகிய காது அந்நியமாக உணராது.

மேஸ்திரிக்கு ஜாஸ் இதுவே முதல் தடவை. கடைசிவரை கேட்டுவிட்டு, “யாரும் யாரையும் முந்தவே இல்லையே. ஒருத்தன் முடிக்கிற வரைக்கும் மத்தவன் காத்திருக்கான்” என்றார். போனில் பையன், “அத்தனை பேர்ல யாரும் முன்னாடி ஒத்திகை பாத்ததில்ல தாத்தா, அங்கேயே கேட்டுக் கேட்டு வாசிச்சது” என்றான். மறுபடி போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 15 விடுமுறைக்குப் பையன் கிடாரோடு சேலம் வருகிறான். தோடியின் காந்தாரத்தைக் கம்பியை இழுத்துப் பிடித்துப் பழகிவிட்டானாம். எனக்குப் பெட்டியில் வராதது அவனுக்குக் கிடாரில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்குச் சலங்கை கோக்கும் அக்காவின் முறை. 1989இல் வந்த ‘வருஷம் 16’ படத்தில் இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய ‘கங்கைக்கரை மன்னனடி’ வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதுவும் தோடிதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, கையை எந்த இடத்தில் உயர்த்துகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.